அடுப்புக் கணக்கு: கேஸ் தோம்பா, கரண்டு மீட்டரா?

(பெக்கான் நானாஸ் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், லீவு, மருத்துவம் என்று பேசிப் பழகிய மேடையில் இன்று அடுப்பைப் பற்றிப் பேச நிற்கிறோம். "சங்கத்துக்கு வேறு வேலை இல்லையா?" என்று பின்வரிசையில் இருக்கும் தோழர்கள் முணுமுணுப்பது நம் காதில் விழாமல் இல்லை. வேலை இருக்கிறது, அந்த வேலையில் இதுவும் சேர்த்திதான். மாதம் முழுவதும் மேசையில் உட்கார்ந்து வாதாடி முப்பது வெள்ளி கூட்டி வாங்குகிறோம். அந்த முப்பது வெள்ளி சமையலறைச் சுவரில் ஓடும் மீட்டர் வழியே யாரும் அறியாமல் வெளியே போய்விட்டால், வாங்கியவருக்கும் லாபமில்லை, வாங்கிக் கொடுத்த சங்கத்துக்கும் பெயரில்லை.

நம் தாய்மார்கள் நம்மிடம் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கேஸ் லாபமா, கரண்டு லாபமா? இண்டக்ஷன் அடுப்பு வாங்கி வைத்தவர் கரண்டே மலிவு என்கிறார். அடுத்த வீட்டு அக்கா, "அதை நம்பி நான் கெட்டேன், லைட் பில் ஏறிப்போச்சு" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் சொல்வதும் எப்படி உண்மையாகும் என்பதைத்தான் இன்று காசு காசாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். கணக்கு என்றால் கொட்டாவி வரும். ஆனாலும் இது உங்கள் வீட்டுக் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெக்கான் நானாஸ் என்றால் அன்னாசிப் பட்டணம். ஸ்கூடாயிலிருந்து பொந்தியானுக்குப் போகும் சாலையில் இருக்கும் ஊர். ஜொகூரில் இளம் ரப்பர் கன்றுகளுக்கு இடையே அன்னாசி நட்டுப் பணம் பார்த்த காலம் ஒன்று இருந்தது. பிறகு அன்னாசி தனியாக ஒரு தொழிலாக நின்றது. 1957-ல் அதற்கென்றே ஒரு வாரியமும் அமைந்தது. ரப்பர் நின்ற பல இடங்களில் செம்பனை வந்தது. நம் மக்களும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. லயத்தில் இன்றும் இருப்பவர் உண்டு. தாமானில் சிறு வீடு வாங்கி வந்தவர் உண்டு. ஒரே வாடகை வீட்டை இரண்டு மூன்று குடும்பமாகப் பகிர்ந்துகொண்டு இருப்பவரும் உண்டு. கேஸ் தோம்பு இவர்கள் எல்லாருக்கும் ஒரே விலை. கரண்டு அப்படியில்லை. இந்த வேற்றுமையை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இது பெரிய விஷயமாக வரும்.

நம் பாட்டிமாருக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. பால்மரம் வெட்டி மறுநடவு செய்யும்போது கட்டை கிடைக்கும், அதுதான் விறகு. காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் விலையைக் கண்ணும் நெஞ்சும் கொடுத்தன. லயத்துச் சமையலறைச் சுவர் கரிபிடித்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள்; அந்தச் சுவரில் படிந்தது நெஞ்சிலும் படிந்தது. பிறகு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. சோற்றிலும் அதன் வாசம் வந்தது. கரண்டோ, தோட்டத்து ஜெனரேட்டர் பொழுதுசாய ஓடத் தொடங்கி இரவு சில மணி நேரத்தில் நின்றுபோகும் கரண்டு. நாட்டில் மத்திய மின்சார வாரியம் 1949-லேயே அமைந்துவிட்டது. அது 1965-ல் தேசிய மின்சார வாரியம் ஆனது, 1990-ல் தெனாகா நேஷனல் ஆனது. ஆனால் கம்பி நகரத்துக்கு வந்து, துரை பங்களாவுக்கு வந்து, லயத்துக்கு வந்து சேர வருஷங்கள் பிடித்தன. அந்தக் கதையை இத்தோடு விடுவோம்.

முதலில் கேஸ். பெரிய நகரங்களில் சில இடங்களில் குழாய் வழியே கேஸ் வருகிறது. நம் வீடுகளுக்கு வருவது தோம்பில் வரும் கேஸ். வீட்டு உபயோகத்துக்கான கேஸ் விலையை அரசாங்கம் கட்டிவைத்திருக்கிறது. 2010 டிசம்பரில் கிலோ 1 வெள்ளி 90 காசு ஆனது. 2025-லும் அதே விலைதான். 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு. 12 கிலோ என்றால் 22 வெள்ளி 80 காசு. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. வாரம் ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆக, ஒரு பெரிய தோம்பு அரை நாள் கூலிக்கும் குறைவு. இது நல்ல செய்திதான். ஆனால் தோம்பை உள்ளே இருக்கும் லயம் வரை கொண்டுவந்து இறக்க மூன்று வெள்ளி கூலி வாங்கினால் அது 26.60 அல்ல, 29.60 என்பதை மறக்கக்கூடாது. மோட்டார் சைக்கிளில் தாமே கட்டிக்கொண்டு வருகிறவர் கூலியை மிச்சம் பிடிக்கிறார். ஆனால் கட்டு அவிழ்ந்து தோம்பு நடுச்சாலையில் உருண்டால் அந்த மூன்று வெள்ளி மிச்சம் என்னாகும்?

இனி கரண்டு. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து தீபகற்ப மலேசியாவில் மின்கட்டண முறை மாறிவிட்டது. பழைய முறையில் முதல் 200 யூனிட் 21.80 காசு, அடுத்த 100 யூனிட் 33.40 காசு, அதற்குமேல் 51.60 காசு என்று படிப்படியாக ஏறியது. புதிய முறையில் பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். ஆற்றல் கட்டணம் 27.03 காசு, கொள்திறன் கட்டணம் 4.55 காசு, கம்பிவழிக் கட்டணம் 12.85 காசு என்று மூன்று வரி இருக்கும். மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 காசு. "ஐயோ, இரட்டிப்பாயிற்றே!" என்று பதற வேண்டாம். கீழே இன்னொரு வரி இருக்கிறது. அது சிக்கனச் சலுகை. குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு யூனிட்டுக்கு இத்தனை காசு என்று கழித்துக் கொடுக்கிறார்கள்.

அந்தச் சலுகையில்தான் சூட்சுமம் இருக்கிறது. 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு 25 காசு கழிவு. 250 வரை 24.5 காசு, 300 வரை 22.5, 350 வரை 21, 400 வரை 17, 450 வரை 14.5. இப்படியே தேய்ந்துகொண்டு போய் 600-ஐத் தொடும்போது 9 காசாகிறது. கவனியுங்கள்: படியில் கால் வைத்ததும் அந்தப் படிக்குரிய குறைந்த கழிவு, மாதத்தின் முதல் யூனிட்டிலிருந்து எல்லா யூனிட்டுக்கும் பொருந்துகிறது. பழைய முறையில் மேலே ஏறிய யூனிட் மட்டும் விலை ஏறியது. இப்போது ஒரு யூனிட் ஏறினால் கீழே இருப்பதும் சேர்ந்து ஏறுகிறது. 350 யூனிட் எரித்த வீட்டின் பில் 82 வெள்ளி. 351 யூனிட் எரித்த வீட்டின் பில் 96 வெள்ளி 28 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 14 வெள்ளிக்குமேல்! மாதக் கடைசி நாளில் காற்றாடி ஒன்றை நிறுத்த மறந்ததற்கு இவ்வளவு அபராதம் எந்தக் கங்காணியும் போட்டதில்லை.

இருந்தாலும் நியாயமாகப் பேசவேண்டும். சிறு வீடுகளுக்குப் புதிய முறை மலிவுதான். 200 யூனிட்டுக்கு முன்பு 43 வெள்ளி 60 காசு. இப்போது 38 வெள்ளி 86 காசு. 300 யூனிட்டுக்கு முன்பு 77 வெள்ளி. இப்போது 65 வெள்ளி 79 காசு. 300-க்குமேல் போனால் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிதிக்கு 1.6 விழுக்காடு சேரும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை இங்கே ஒதுக்கிவைத்துப் பேசுகிறோம்.

கேஸையும் கரண்டையும் ஒரே தராசில் எப்படி நிறுத்துவது? கிலோவையும் யூனிட்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு அடங்கியிருக்கிறது. 14 கிலோ தோம்பில் 179 யூனிட். ஆனால் கேஸ் அடுப்பில் பாதிச் சூடு பாத்திரத்தின் பக்கவாட்டில் ஓடிப் போய்ச் சமைப்பவர் முகத்தில் அடிக்கிறது. பாதிதான் குழம்புக்குப் போகிறது. இண்டக்ஷன் அடுப்பில் சூடு பாத்திரத்தின் அடியிலேயே உண்டாவதால் பெரும்பகுதி சமையலுக்கே போகிறது. இந்த இழப்பையெல்லாம் கழித்துப் பார்த்தால், ஒரு 14 கிலோ தோம்பு செய்யும் சமையலை இண்டக்ஷன் அடுப்பில் செய்ய ஏறக்குறைய 100 யூனிட் வேண்டும். சுருள் கம்பி பழுக்கும் பழைய மாதிரி மின்னடுப்பு என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். பாத்திரத்தின் அளவு, தீயை வைக்கும் அளவு, மூடி போட்டுச் சமைக்கும் பழக்கம் இவற்றால் கணக்கு முன்பின் ஆகலாம். நாம் 100 என்றே வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு தோம்பு எரிக்கும் குடும்பம் என்றும் வைத்துக்கொள்வோம்.

இப்போது நான்கு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்போம்.

முதல் வீடு. விளக்கு, இரண்டு காற்றாடி, தொலைக்காட்சி, சிறிய ஐஸ்பெட்டி. சமையல் இல்லாமல் 140 யூனிட். பில் 27 வெள்ளி 20 காசு. சமையலையும் கரண்டுக்கு மாற்றினால் 240 யூனிட், பில் 47 வெள்ளி 83 காசு. கூடியது 20 வெள்ளி 63 காசு. தோம்பு 26.60. இந்த வீட்டுக்குக் கரண்டே லாபம். மாதம் ஆறு வெள்ளி மிச்சம்.

இரண்டாவது வீட்டில் துணி துவைக்கும் இயந்திரமும் வந்துவிட்டது, பிள்ளைகளின் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. 200 யூனிட், 38 வெள்ளி 86 காசு. சமையலைச் சேர்த்தால் 300 யூனிட், 65 வெள்ளி 79 காசு. கூடியது 26 வெள்ளி 93 காசு. தோம்பின் விலைக்கும் இதற்கும் 33 காசுதான் வித்தியாசம்! இந்த வீட்டில் எதில் சமைத்தாலும் ஒன்றே. தோம்பு கொண்டுவரக் கூலி கொடுக்கிற வீடாக இருந்தால் கரண்டு கொஞ்சம் முந்தும்.

மூன்றாவது வீடு 250 யூனிட். சமையல் சேர்ந்தால் 350. கூடுவது 32 வெள்ளி 18 காசு. இங்கே கேஸே லாபம்.

நான்காவது வீட்டில் படுக்கையறையில் ஏர்கோன் மாட்டியிருக்கிறார்கள். மாட்டட்டும், வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? வெயிலில் வெந்து வந்தவன் இரவிலாவது குளிரட்டும். அந்த வீடு 300 யூனிட், 65 வெள்ளி 79 காசு. சமையலையும் கரண்டில் செய்தால் 400 யூனிட், 109 வெள்ளி 72 காசு. கூடியது 43 வெள்ளி 93 காசு. கேஸைவிட 17 வெள்ளிக்குமேல் நட்டம்.

பார்த்தீர்களா? அடுப்பு ஒன்றே, அரிசி ஒன்றே, குழம்பு ஒன்றே. முதல் வீட்டில் லாபமாக இருந்தது நான்காவது வீட்டில் நட்டமாகிறது. ஆகையால் கேஸா கரண்டா என்று கேட்குமுன் உங்கள் பில்லைக் கையில் எடுத்து, அதில் எத்தனை யூனிட் என்று பாருங்கள். சமையல் இல்லாமல் 200-க்குக் கீழே நின்றால் கரண்டில் சமைக்கலாம். 200-ஐத் தாண்டிவிட்டால் தோம்பை விடாதீர்கள். அக்கா இருவரும் சண்டை போட வேண்டியதில்லை. இருவர் வீட்டு மீட்டரும் வேறு வேறு படியில் நிற்கின்றன, அவ்வளவே.

வேலையை விட்ட முதியவர்களும் கணவனை இழந்த தாய்மார்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். இ-காசே பதிவேட்டில் பரம ஏழைகளாகச் சேர்க்கப்பட்ட குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டணக் கழிவு இருக்கிறது. 200 யூனிட்டின் பில் 38 வெள்ளி 86 காசு என்று சொன்னோம். அப்படியானால் விளக்குக்கும் காற்றாடிக்கும் 100 யூனிட், சமையலுக்கு 100 யூனிட் எரிக்கும் ஒரு பாட்டியின் பில் சுழியம். அதே பாட்டி கேஸில் சமைத்தால் 26 வெள்ளி 60 காசு கையிலிருந்து போகிறது. கழிவு பெறும் தகுதி இருந்தும் பதிவு செய்யாமல் இருப்பவர் யாரேனும் உங்கள் லயத்தில் இருந்தால், பாரத்தை நிரப்பிக்கொடுக்க ஒரு வாலிபத் தோழரை அனுப்புங்கள். பாரம் மலாயில் இருக்கிறதே என்று பாட்டிமார் தயங்குவார்கள்.

இதுவரை சொன்னது தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு. இனிச் சொல்லப்போவதுதான் நம்மை இன்று இங்கே நிற்க வைத்தது.

ஒரு மீட்டரை மூன்று குடும்பம் பகிர்ந்துகொண்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு குடும்பமும் சிக்கனமாக 200 யூனிட்தான் எரிக்கிறது என்று வையுங்கள். தனித்தனி மீட்டர் இருந்தால் தலைக்கு 38 வெள்ளி 86 காசு. மூன்றும் சேர்ந்து 116 வெள்ளி 58 காசு. ஆனால் ஒரே மீட்டரில் அது 600 யூனிட். கம்பெனியின் கண்ணுக்கு அது மூன்று ஏழைக் குடும்பம் அல்ல. தாராளமாகக் கரண்டு எரிக்கும் ஒரு பெரிய வீடு! கழிவு 25 காசிலிருந்து 9 காசாகச் சுருங்குகிறது. பில் 212 வெள்ளி 58 காசு. மூன்றாகப் பிரித்தால் குடும்பத்துக்கு 70 வெள்ளி 86 காசு. ஒவ்வொரு குடும்பமும் மாதம் 32 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறது. எதற்கு? ஒரு விளக்கும் கூடுதலாக எரியவில்லை. ஒரு காற்றாடியும் கூடுதலாகச் சுற்றவில்லை. வருஷத்துக்கு 384 வெள்ளி. ஏறக்குறைய ஆறு நாள் கூலி. நான்காவது குடும்பம் ஒன்று வந்து சேர்ந்தால் 600-ஐத் தாண்டும்; அப்போது மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும், சேவை வரியும், எரிபொருள் விலைக்கேற்ற மாற்றமும் தலையில் ஏறும்.

இந்த வீட்டுக்காரர் எவரும் கள்ளத்தனம் செய்யவேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள். வந்த பில்லை நேர்மையாக மூன்றாகப் பிரித்தாலே இந்த நட்டம். அதற்குமேல் வீட்டுச் சொந்தக்காரர் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு அறுபது காசு என்று தம் இஷ்டத்துக்கு வசூலித்தால், 200 யூனிட்டுக்கு 120 வெள்ளி! தனி மீட்டர்க்காரன் 38.86 கொடுக்கும் அதே கரண்டுக்கு.

பகிர்ந்த மீட்டரில் இருப்பவர் சமையலைக் கரண்டுக்கு மாற்றவே கூடாது என்பதும் இதிலிருந்து விளங்கும். மூன்று வீட்டு மீட்டர் முன்பே மேல்படியில் நிற்கிறது. அதில் இன்னொரு 100 யூனிட் வைத்தால் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஏறும். ஒருத்தி வாங்கிய புது அடுப்புக்கு இன்னொருத்தி பணம் கட்ட வேண்டிவரும். கூட்டுக் குடித்தனத்தில் வரும் பாதிச் சண்டை இப்படித்தான் வருகிறது. யார் வீட்டு ஐஸ்பெட்டி பெரிது என்று அளந்து பார்க்கும் அளவுக்குப் போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கும் ஒரு சலுகை உண்டு. 2016 முதல் அங்கே வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அங்கும் சலுகை இணைப்புக்குத்தான். ஒரு இணைப்பில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. சலுகை எங்கே கொடுத்தாலும் அதை வாங்கிக்கொள்ள ஏழைக்குத் தன் பெயரில் ஒரு மீட்டர் வேண்டியிருக்கிறது.

தோட்டத்து வீடுகளைப் பொறுத்தவரை சட்டம் என்ன சொல்கிறது? 1966-ல் வந்த வீட்டு வசதிச் சட்டத்துக்குப் பதிலாக 1990-ல் வந்தது 446-ஆம் சட்டம். தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் முதலாளி இலவசமாகப் போதிய குழாய்த் தண்ணீரும், போதிய மின்சாரமும் தரவேண்டும் என்று அது கூறுகிறது. தண்ணீருக்கு இலவசம் என்ற சொல் இருக்கிறது. மின்சாரத்துக்கு அந்தச் சொல் இல்லை. அந்த ஒரு சொல் இல்லாததால் யார் கட்டுவது, எப்படிப் பிரிப்பது என்ற பேச்சு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுகிறது. வரிசை வீடு முழுவதற்கும் ஒரே பெரிய மீட்டர் வைத்துச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், பிடிக்கும் தொகை எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. சம்பளச் சீட்டில் வெறும் "லைட்" என்று எழுதி ஒரு தொகையைக் கழித்தால் அது கணக்கு ஆகாது. எத்தனை யூனிட், என்ன விலை என்று இருக்கவேண்டும்.

கேஸ் மலிவு என்று சொன்னோம். அந்த மலிவு கேஸின் சொந்த மலிவு இல்லை, அரசாங்கத்தின் மானியம். மானியம் இல்லாமல் கடைகளுக்கு விற்கும் தோம்பு ஏறக்குறைய 70 வெள்ளி. அந்த விலை நம் வீட்டுக்கும் வருமானால் நாம் மேலே போட்ட கணக்கு முழுவதும் தலைகீழாகும். அப்போது ஏர்கோன் வைத்த நான்காவது வீட்டுக்கும் கரண்டே லாபம். 2025 மே மாதம் முதல் 'ஓப்ஸ் காசாக்' என்ற பெயரில் மானியக் கேஸைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களைத் தேடிச் சோதனை நடந்தது. சிறு சாப்பாட்டுக் கடைக்காரர்கள் முறையிட்டார்கள். சட்டத்தைத் திருத்தும் பேச்சும் எழுந்தது. காலையில் வடை சுட்டு விற்கும் நம் தாய்மார்கள் 42 கிலோ, அதாவது மூன்று பெரிய தோம்பு என்ற அளவை நினைவில் வைத்துக்கொண்டு, தங்கள் நிலை என்னவென்று உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

விலை ஒரே நாளில் ஏறுமா என்று சிலர் கேட்பார்கள். இலங்கையைப் பாருங்கள். அந்நியச் செலாவணி வற்றிய 2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ கேஸ் 2,675 ரூபாயிலிருந்து 4,860 ரூபாய்க்குத் தாவியது. அந்த விலை கொடுக்கவும் ஆயத்தமாக மக்கள் வெற்றுத் தோம்பை வரிசையில் வைத்து நாள்கணக்கில் காத்தார்கள். கொழும்பு நகரத்து வீடுகளிலும் விறகு மூட்டினார்கள். நம் நாட்டின் நிலை அதுவல்ல. ஆனால் சமையலுக்கு ஒரே வழியை மட்டும் நம்பியிருக்கும் வீடு எவ்வளவு இக்கட்டில் மாட்டும் என்பதற்கு அது சாட்சி. வசதி உள்ளவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்து இடிமின்னலில் கரண்டு போனால் தோம்பு உதவும். ராத்திரி பத்து மணிக்குத் தோம்பு தீர்ந்தால் கரண்டு உதவும்.

இனிச் சில சில்லறை விஷயங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைக்க மின்கெண்டிக்கு ஏறக்குறைய 0.1 யூனிட், அதாவது இரண்டு காசு சொச்சம். கேஸில் இரண்டரைக் காசு. இதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ரைஸ் குக்கரில் சோறு வேகச் செலவாகும் கரண்டு கொஞ்சம்தான். ஆனால் வெந்தபிறகு "சூடாக இருக்கட்டும்" என்று காலை நான்கு மணிக்கு வைத்த சோற்றை இரவு வரை அப்படியே விடுகிறோமே, அது 40 வாட் இழுத்தாலும் இருபது மணி நேரத்தில் 0.8 யூனிட், மாதத்துக்கு 24 யூனிட். படியின் ஓரத்தில் நிற்கும் வீட்டை மேலே தள்ளிவிட இது போதும். குளிக்கும் சுடுநீர்ப் பெட்டி இதைவிடப் பொல்லாதது. 3.6 கிலோவாட் பெட்டி ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று நான்கு பேருக்கு ஓடினால் மாதம் 72 யூனிட். சமையலுக்கு 100 யூனிட்டா என்று மலைக்கும் வீடு, பச்சைத் தண்ணீரில் குளித்தே அதில் முக்கால் பங்கை மிச்சம் பிடிக்கலாம். நம் ஊர் வெக்கைக்குச் சுடுநீர் எதற்கு என்று நாம் கேட்டால் பிள்ளைகள் முறைப்பார்கள், கேட்டுத்தான் ஆகவேண்டும்.

தோம்பு வாங்கும்போது கழுத்தில் பொறித்திருக்கும் வெற்று எடையைப் பாருங்கள். தராசில் நிறுத்தி அதைக் கழித்தால் உள்ளே இருக்கும் கேஸ் எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் கடையிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். அது அவமரியாதை ஆகாது. ரப்பர்க் குழாய் வெடித்திருந்தால் சிரிம் முத்திரை உள்ள புதுக் குழாய் மாட்டுங்கள்.

கரண்டுக்கு மாறுகிறவர்கள் வயரிங்கைப் பாருங்கள். பழைய லயத்து வயர்கள் விளக்குக்கும் ரேடியோவுக்கும் போட்டவை. அதில் 2,000 வாட் அடுப்பைச் செருகி, அதே சொருகியில் ரைஸ் குக்கரையும் மாட்டினால் பிளக் உருகும். மரச்சுவர் என்றால் சொல்லவே வேண்டாம். நீட்டிப்பு வயரில் அடுப்பை மாட்டவே மாட்டாதீர்கள். மாதம் ஆறு வெள்ளி மிச்சத்துக்காக வீட்டை எரித்தான் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

ஆகவே நாம் இப்போது கேட்பது இதுதான். பகிர்ந்த மீட்டரில் இருக்கும் குடும்பங்கள் கடைசி மூன்று மாதத்துப் பில்லையும், உங்களிடம் வாங்கப்பட்ட தொகைக்கு ரசீது இருந்தால் அதையும், சம்பளத்தில் பிடித்திருந்தால் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். எத்தனை குடும்பம் ஒரு மீட்டரில் இருக்கிறது என்பதையும் பின்பக்கத்தில் எழுதுங்கள். தோட்டத்து வீடுகள் என்றால் தனி மீட்டர் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் போடுவோம். தனியார் வாடகை வீடு என்றால் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும், பதிவுபெற்ற வயரிங் ஒப்பந்தக்காரர் மூலம் மனு போக வேண்டும், முன்பணமும் கட்டவேண்டும். அந்தச் செலவு எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்பதை மாதம் 32 வெள்ளி என்ற கணக்கில் நீங்களே வகுத்துப் பாருங்கள். பில் இல்லாதவர்கள் மீட்டரில் ஓடும் எண்ணை மாத முதல் நாளும் கடைசி நாளும் காகிதத்தில் குறித்துக் கொண்டுவந்தாலும் போதும்.